200 மீட்டர் தள்ளி நிற்கும் ஆட்டோக்காரன் எழுதும் மடல்

கரஸ்பாண்டென்ட் ஐயாவுக்கும், பிரின்சிபால் மேடத்துக்கும், பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும்,

ஜூன் முதல் தேதி நீங்கள் அனுப்பிய சர்க்குலர் ஆங்கிலத்தில் இருந்தது. பெற்றோருக்கு வாட்ஸப்பில் போனது, ஆட்டோ ஓட்டுகிற எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. என் வண்டியில் வரும் யுகேஜி பையனின் அம்மா எனக்கு அனுப்பிவைத்தார். என் மகள் படித்து அர்த்தம் சொன்னாள். மொத்தம் நாலு வரி. பள்ளி வாசலிலிருந்து 200 மீட்டருக்குள் ஆட்டோ நிற்கக் கூடாது. மூன்று சக்கர வண்டி பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது அல்ல. அதில் வரும் பிள்ளைகளுக்கு வழியில் என்ன நேர்ந்தாலும் பள்ளி பொறுப்பல்ல. ஆகையால் பள்ளிப் பேருந்தில் சேர்த்துவிடவும்.

பதிலைத் தமிழில் எழுதுகிறேன். போன ஆண்டு விழாவில் ஐயா தமிழிலேயே அரை மணி நேரம் பேசியதை கேட்டுக்கு வெளியே நின்று கேட்டவன் நான். படித்துவிடுவீர்கள்.

இரண்டாவது வரியோடு எனக்குப் பாதிச் சண்டைதான். மற்ற மூன்றோடு முழுச் சண்டை.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சர்க்குலரை எழுதியவர் ஆட்டோவின் பின்சீட்டில் கடைசியாக எப்போது உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் 1999ல் வாடகை வண்டியில் ஆரம்பித்தவன். அப்போது டூ ஸ்ட்ரோக். காலையில் லீவரை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுவோம், பின்னால் வருபவர் மூஞ்சியெல்லாம் நீலப் புகை. இப்போது என்னிடம் இருப்பது சொந்த வண்டி, எல்பிஜியில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக். எஞ்சின் மாறிவிட்டது, பெயிண்ட் மாறிவிட்டது, மூன்று சக்கரம் மட்டும் மாறவில்லை.

முக்காலியை மேடுபள்ளமான தரையில் வைத்துப் பாருங்கள், ஆடாது. நாற்காலிதான் ஆடும், அதற்குத்தான் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைப்போம். ஆனால் அதே முக்காலியில் கால் இல்லாத பக்கமாகச் சாய்ந்தால் ஆளைக் கவிழ்த்துவிடும். ஆட்டோவின் நல்லதும் கெட்டதும் இவ்வளவுதான். நேராக, மெதுவாகப் போகும்போது எந்த உடைந்த சாலையிலும் மூன்று சக்கரமும் தரையில் உட்கார்ந்திருக்கும். வேகமாகப் போய்த் திருப்பத்தில் பிரேக் போட்டால் எடையெல்லாம் முன்பக்கம் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகும். அந்த மூலையில் காருக்குச் சக்கரம் இருக்கிறது, எனக்கு இல்லை.

குழிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பைக் ஓட்டுகிறவர் குழியைச் சுற்றிப் போய்விடுவார். கார்க்காரர் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விட்டுவிடுவார். எங்களுக்கு நடுவிலும் ஒரு சக்கரம். இடது, வலது, நடு என்று எதைத் தப்பித்தாலும் ஒன்று விழும். சக்கரமோ 8 இஞ்ச் ரிம். மழைக்காலத்து பெங்களூரு சாலையை நான் முதுகெலும்பில் படித்தவன்.

என் மகள் போனில் தேடிச் சொன்னாள்: 1948ல் இத்தாலியில் பியாஜியோ என்ற கம்பெனி ஸ்கூட்டரின் பின்பக்கத்தில் சாமான் பெட்டியை வைத்து ஒரு வண்டி செய்ததாம். பெயர் ஆப்பே, அவர்கள் மொழியில் தேனீ. நம்ம ஊர் ஆட்டோ அந்த வழியில் வந்ததுதான். ஆக, சாமான் ஏற்றப் பிறந்த வண்டி. நாங்களும் பல வருஷம் பிள்ளைகளைச் சாமான் மாதிரிதான் ஏற்றினோம். இதை மறைத்துவிட்டு உங்களிடம் நியாயம் கேட்க முடியாது.

2013 ஜூலை. அப்போது வேறு பள்ளிக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டியில் ஒன்பது பேர். சீட்டில் ஐந்து, சீட்டுக்கு எதிரே குறுக்காகப் போட்ட பலகையில் மூன்று, என் சீட்டில் என்னை ஒட்டி ஒருவன். பைகளெல்லாம் வெளியே கம்பியில் தொங்கின. தூறல். கேம்பிரிட்ஜ் ரோட்டில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன், கை தானாக ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்தது. வேகம் முப்பதுகூட இருக்காது. இடது பின்சக்கரம் எழும்பியது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பின் ஒன்றும் செய்வதற்கில்லை. வேகமாக விழவில்லை, மெதுவாக, மாடு படுக்கிற மாதிரி வலது பக்கமாகப் படுத்தது.

சத்தம் என்று எனக்கு நினைவில் இருப்பது டிபன் பாக்ஸ்கள் தாரில் உருண்ட சத்தம்தான். எலுமிச்சை சாதம் ரோட்டில் மஞ்சளாகக் கிடந்தது. நான் பிள்ளைகளை எண்ணினேன். எட்டுதான் வந்தது. மறுபடி எண்ணினேன், எட்டு. ஒன்பதாவது என் காலைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தது. எல்லோருக்கும் சிராய்ப்பு. பலகையில் ஓரமாக உட்கார்ந்திருந்த ஏழு வயசுப் பையனுக்குக் காறை எலும்பில் விரிசல். ஆஸ்பத்திரிச் செலவை வட்டிக்கு வாங்கிக் கட்டினேன்.

மறக்க முடியாதது அதற்குப் பின் நடந்தது. மூன்று வாரம் கழித்து அந்தப் பையனின் அம்மா என் ஸ்டாண்டுக்கு வந்தார். அடிக்க வருகிறார் என்று நினைத்தேன். "திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லட்டுமாண்ணா?" என்று கேட்டார். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பஸ்ஸுக்குக் கட்ட முடியாது, வேறு வழி இல்லை. எலும்பு முறித்தவனிடமே திரும்பவும் பிள்ளையைக் கொடுக்க வேண்டிய நிலைமை. அதைவிட அந்த அம்மா என்னைத் திட்டியிருக்கலாம்.

அன்றைக்குப் பலகையைக் கழற்றினேன். இப்போது அது எங்கள் வீட்டில் தண்ணீர்க் குடம் வைக்கும் பலகை. ஐந்து பேருக்கு மேல் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். ஒன்பது பேரிடம் தலைக்கு 500 வாங்கினால் மாசம் 4,500. அதே காசு ஐந்து பேரில் வர வேண்டுமானால் தலைக்கு 900. ஒன்பது வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். இரண்டு வீடு ஒத்துக்கொண்டது. மற்றவர்கள் அதே 500க்கு ஓட்டிய இன்னொரு வண்டிக்குப் போனார்கள், பலகை போட்ட வண்டிக்கு. அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் இத்தனை வருஷத்தில் எந்தப் பள்ளியும் "எத்தனை பேரை ஏற்றுகிறாய்?" என்று என்னைக் கேட்டதில்லை. உங்கள் பள்ளிக்கு 11 வருஷமாக வருகிறேன், நீங்களும் கேட்டதில்லை. பதினொரு வருஷம் கழித்து இப்போது மூன்று சக்கரம் ஆபத்து என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

சரி, ஆபத்து என்றே வைத்துக்கொள்வோம். 200 மீட்டர் தள்ளி இறக்கிவிட்டால் அது எப்படிக் குறைகிறது?

ஜூன் 3ஆம் தேதியிலிருந்து ஆறு பள்ளி நாள் நின்று பார்த்தேன். இப்போது எங்களுக்குக் கிடைத்திருக்கும் இடம் மெடிக்கல் ஷாப் முனை. அங்கிருந்து உங்கள் வாசல் வரை ஒரு பக்கம்தான் நடைபாதை. பாதியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் அதை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதைத் தாண்டியதும் சாக்கடை மேல் போட்ட கல் இரண்டு உடைந்திருக்கிறது. ஆகவே பிள்ளைகள் ரோட்டில் இறங்கித்தான் போக வேண்டும். அப்புறம் ஒரு திருப்பம், சிக்னல் கிடையாது, அதைக் கடக்க வேண்டும். யுகேஜி பையனின் பை அவன் முழங்கால் வரை தொங்கும். முதல் நாள் என் விரலைப் பிடித்துக்கொண்டு "அங்கிள், இன்னைக்கு ஏன் தூரமா இருக்கு?" என்று கேட்டான். நான் என்ன சொல்ல? அவனை மட்டும் கொண்டுபோய் விட்டால் மற்ற நாலு பேரும் வண்டியில் தனியே. ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு போனால் வண்டி தனியே. இரண்டாம் வழிதான் சரி என்று போனேன், மூன்றாம் நாள் திரும்பி வரும்போது நோ பார்க்கிங் அபராதம் விழுந்திருந்தது. அதற்கு வருந்தவில்லை. நாலாம் நாள் மழை. ஐந்து பிள்ளைகளும் நனைந்துகொண்டு வகுப்புக்குப் போனார்கள்.

அதே நேரம் உங்கள் வாசலை மறித்துக்கொண்டு நின்றவை கார்கள். முதல் நாள் 20 நிமிடத்தில் 31 எண்ணினேன். அதில் பெரும்பாலும் ஒரு காருக்கு ஒரு பிள்ளை. அவர்களுக்கு 200 மீட்டர் இல்லை. என் வண்டியின் அகலம் 1.3 மீட்டர், திரும்ப மூன்று மீட்டர் ஆரம் போதும், ஐந்து பிள்ளைகளை இறக்கிவிட்டு ஒரு நிமிடத்தில் கிளம்பிவிடுவேன். நெரிசல்தான் உங்கள் கவலை என்றால் அதை எங்களில் தேடியிருக்க வேண்டாம். வாசலில் மஞ்சள் பச்சை வண்டி நிற்பது பார்வைக்கு நன்றாக இல்லை என்பதுதான் கவலை என்றால், அதைச் சொல்லிவிடுங்கள். பாதுகாப்பு என்ற பெயரில் சொல்லாதீர்கள்.

பள்ளிப் பேருந்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நாலு சக்கரம், கதவு, கூடவே ஓர் ஆயா. வசதி இருப்பவர்கள் தாராளமாக அனுப்பட்டும். ஆனால் என் வண்டிப் பிள்ளைகள் இருக்கும் ஜோகுபாளையத்துச் சந்துகளை ஐயா பார்த்திருப்பீர்கள். எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் ஒன்று திண்ணையில் ஏற வேண்டும். பேருந்து மெயின் ரோட்டில்தான் நிற்கும், அதுவும் காலை 6.50க்கு. யுகேஜி பையனை 5.45க்கு எழுப்ப வேண்டும். கட்டணம் மாசம் 3,200, பத்து மாசத்துக்கு முன்பணம். நான் 8 மணிக்கு முன் அவன் வீட்டு வாசற்படியில் நிற்கிறேன். பாட்டி அவனை சீட்டில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போவார். வாங்குவது 1,500. ஆட்டோவின் கவர்ச்சி என்று ஏதாவது உண்டென்றால் அந்த வாசற்படிதான். பஸ்ஸாலும் முடியாது, மெட்ரோவாலும் முடியாது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கொள்ளை என்று நினைக்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் மீட்டர் ஏறியது: முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18. நாலு வீட்டுக்குப் போய்ப் பள்ளிக்கு வர எனக்கு 4 கிலோமீட்டர். ஒரே பிள்ளைக்காக அந்தத் தூரத்துக்கு மீட்டர் போட்டால் ஒரு நடைக்கு 72. மாசம் 22 நாள், போக வர 44 நடை, 3,168 ரூபாய். ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொள்வதால் தலைக்கு 1,500, எனக்கு 7,500. திரும்பி வரும் வெற்று ஓட்டம் அதில் அடக்கம். மீட்டருக்கு மேல் கேட்கும் எங்கள் ஆட்களைப் பற்றி நீங்கள் பேசுவீர்கள் என்று தெரியும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு என்பது விதி. சிலருக்கு மதியம் இரண்டு மணிக்கே ராத்திரி வந்துவிடுகிறது. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

2023 ஜூனில் பெண்களுக்கு அரசு பஸ் இலவசமானது. நல்ல திட்டம், என் மனைவியும் அந்த பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாள். ஆனால் காலைச் சவாரி குறைந்தது நிஜம். பள்ளிப் பிள்ளைகள்தான் இப்போது எனக்கு மாசம் பிறந்தால் வரும் நிலையான காசு. என் வயிற்றுப்பாடும் இதில் இருக்கிறது என்பதை மூடி மறைக்கவில்லை.

வண்டியின் குறைகளையும் நானே சொல்கிறேன். பெல்ட் கிடையாது. மழைக்குப் படுதாதான், அதுவும் ஒரு பக்கம் பறக்கும். சிக்னலில் பக்கத்து லாரியின் புகை நேராகப் பிள்ளையின் மூக்குக்கு வரும், பிள்ளை உட்காரும் உயரம் அப்படி. பின்னால் பெரிய வண்டி இடித்தால் தகரம் தாங்காது. இதில் என்னால் முடிந்ததைச் செய்திருக்கிறேன். சிவாஜிநகரில் ஒரு வெல்டிங் பட்டறையில் இடது பக்கத்துக்கு அரைக் கம்பிக் கதவு போட்டேன், வெளியிலிருந்து மட்டும் திறக்கும் கொண்டி. வலது பக்கம் கம்பியோடு வலையும் கட்டியிருக்கிறேன். பைகள் வெளியே தொங்குவதில்லை, சீட்டுக்குப் பின்னால் அடுக்குகிறேன். திருப்பத்தில் பதினைந்துக்கு மேல் போவதில்லை. பின்னால் ஹாரன் அடிக்கிறவர்கள் அடிக்கட்டும். என் வண்டியைப் பார்க்க வேண்டுமானால் வாருங்கள், மெடிக்கல் ஷாப் முனையில்தான் நிற்கிறது.

இப்போது என்ன கேட்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

200 மீட்டர் விதியைத் திரும்பப் பெறுங்கள். மைதானத்தை ஒட்டிப் பின்பக்கம் ஒரு கேட் இருக்கிறது, பூட்டியே கிடக்கிறது. காலை 7.50 முதல் 8.20 வரையும், மதியம் பள்ளி விடும் நேரத்திலும் அதைத் திறந்துவிட்டால் ஆறு ஆட்டோ உள்ளே போய்ப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெளியே வந்துவிடும். முன்வாசலில் எங்கள் நிழல்கூடப் படாது. அது முடியாது என்றால் கார்களுக்கும் அதே 200 மீட்டரைப் போடுங்கள்.

எங்களைப் பதிவு செய்யுங்கள். வண்டி எண், ஓட்டுநர் போட்டோ, லைசென்ஸ், பர்மிட், எஃப்சி என்கிற வண்டித் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், எல்லாவற்றின் நகலையும் ஆபீஸில் வாங்கி வையுங்கள். எந்தப் பிள்ளை எந்த வண்டியில் வருகிறது என்று வாட்ச்மேனிடம் ஒரு நோட்டு இருக்கட்டும். யூனிபார்ம் போடாமல், பேப்பர் இல்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்புங்கள்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். என் பர்மிட்டில் எழுதியிருப்பது மூன்று பேர். ஐந்து சின்னப் பிள்ளைகளின் எடை மூன்று பெரியவர்களின் எடைக்குக் கீழேதான் வரும் என்று நான் என் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் சமாதானம் வேறு, விதி வேறு. நீங்கள் ஆர்டிஓ அலுவலகத்துக்கு எழுதி, பள்ளிப் பிள்ளைகள் எந்த வயசில் எத்தனை பேர் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். நான் கேட்டால் கவுண்டரில் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான், பள்ளி லெட்டர்ஹெட்டுக்குப் பதில் வரும். என்ன எண் வந்தாலும் அதற்கு நான் கட்டுப்படுகிறேன். மூன்று என்றால் மூன்று. அந்த எண்ணை வாசலில் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி மாட்டுங்கள். அதற்கு மேல் ஏற்றி வரும் வண்டியை, பலகை போட்ட வண்டியை உள்ளே விடாதீர்கள். என் வண்டியாக இருந்தாலும்.

கட்டணத்தை நாங்களும் பெற்றோரும் நீங்களும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பேசி ஒரே மாதிரி வைத்துவிடுவோம். குறைவாக ஏற்றுகிறவன் நஷ்டப்பட்டு, அடைத்து ஏற்றுகிறவன் சம்பாதிப்பது அப்போதுதான் நிற்கும். அன்றைக்குப் பெற்றோரிடமும் எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. "பக்கத்தில கொஞ்சம் உட்கார வைச்சுக்கோங்கண்ணா, சின்னப் பையன்தானே" என்று டிரைவர் சீட்டுக்குப் பிள்ளையை நீட்டாதீர்கள். நான் முடியாது என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, "பள்ளி பொறுப்பல்ல" என்ற அந்த வரியை எடுத்துவிடுங்கள். 2013ல் அந்த அம்மா என்னிடமே திரும்பி வந்தது எதனால் என்று யோசித்துவிட்டு எடுங்கள்.

இந்த மாசக் கடைசிக்குள் பதில் வேண்டும். மேலே சொன்னதில் எதை ஒத்துக்கொள்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, வீட்டில் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்தால் போதும். அவர் வாசலைவிட்டு வர முடியாது, நான் வாசலுக்கு வரக் கூடாது. டீ நேரத்தில் முனைக்கு வருவார், அப்போது வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளிக்கு 11 வருஷமாகப் பிள்ளைகளை ஏற்றிவரும் ஆட்டோ ஓட்டுநர்,
அல்சூர், பெங்களூரு